சுக்குப் பற்றுக்குக் கேட்காத தலைவலி

1. நெற்றிப் பட்டை

தூத்துக்குடியில் நான் கம்பவுண்டராக வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் வந்த ஆளின் பெயர் அந்தோணி. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. நெற்றியில் இந்தக் காது ஓரத்திலிருந்து அந்தக் காது ஓரம் வரை வெளுத்த பட்டை. நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் நெற்றியில் பட்டை என்றால் அது விபூதிதான்.

"நீங்க வேதக்காரரு இல்லையா? விபூதியும் பூசுவீங்களோ?" என்று கேட்டுவிட்டேன்.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தோணி நெற்றியைச் சுரண்டி, விரலை என் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

"மோந்து பாருங்க சார். சுக்கு. காலைல எந்திரிச்சதுமே மண்டையிடி. எழச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன்."

"அப்படின்னா தலைவலிக்கு மாத்திரை தரட்டுமா?"

"அதுக்குத்தான் போட்டாச்சே. நான் வந்தது வெரல் நசுங்குனதுக்கு."

எழுபதுகளின் நடுப்பகுதி அது. புதுத் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டியே வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. எங்கள் டிஸ்பென்சரி கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களுக்கானது. இரண்டு அறை, ஒரு பெஞ்சு, ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர், ஒரு டாக்டர், நான். டாக்டர் தாமோதரன் மதுரைக்காரர். அதிகம் பேசமாட்டார். பேசுகிறவரை இடைமறிக்கவும் மாட்டார். டாக்டர்களில் இந்த இரண்டாவது குணம் அபூர்வம் என்பது பிற்பாடு பல இடங்களில் வேலை பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மருந்து அலமாரியில் ஏ.பி.சி. மாத்திரை டப்பா ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் தலைவலி, காய்ச்சல், உடம்பு வலி எல்லாவற்றுக்கும் அதுதான். நான் பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரை மழைத் தண்ணீர் மாதிரி ஓடும். இங்கே டப்பா குறையவே இல்லை. வெயிலிலும் தூசியிலும் மூட்டை சுமக்கிற இத்தனை பேருக்குத் தலைவலி வராமலா இருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன்.

"நெறைய வருது. நம்மகிட்ட வரதுக்குள்ள பாதி போயிடுது," என்றார்.

2. எந்த மண்டையிடி?

எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. காயத்துக்குக் கட்டுப் போடும்போது பேச்சுக் கொடுப்பேன். கை என்னிடம் இருக்கும்போது வாய் சும்மாதானே இருக்கிறது, எல்லோரும் தாராளமாகச் சொன்னார்கள்.

அவர்கள் யாரும் "தலைவலி" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வதில்லை. வெயில் மண்டையிடி வேறு. தலையில் நீர் கோத்து வருவது வேறு. பித்தத்தில் வருவது வேறு. பசியில் வருவது வேறு. சூரியனோடு ஏறிச் சூரியனோடு இறங்கும் ஒற்றைத் தலைவலி ஒன்று உண்டு, அது தனி. குனிந்தால் கண்ணுக்கு மேலே கனக்கிறதா, பிடரியிலிருந்து ஏறுகிறதா, பொட்டில் அடிக்கிறதா என்று வீட்டிலேயே விசாரணை நடந்துவிடும். அதற்குப் பிறகுதான் மருந்து.

நீர் கோத்திருந்தால் நொச்சித் தழையைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் உட்கார்ந்து வேது பிடிப்பார்கள். அல்லது மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டு அந்தப் புகையை மூக்கால் இழுப்பார்கள். கூடவே நெற்றியில் சுக்குப் பற்று. வெயிலில் வந்ததற்கு சுக்கைத் தொடமாட்டார்கள். அதற்கு நீராகாரம், நல்லெண்ணெய் முழுக்கு, சந்தனம். பித்தத்துக்கு மல்லியும் கருப்பட்டியும் போட்ட கஷாயம். பிள்ளைகளுக்கு என்றால் வெற்றிலையில் எண்ணெய் தடவி, அனலில் வாட்டி, நெற்றியில் ஒட்டிவிடுவார்கள்.

கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் உண்டு. நான் வேண்டுமென்றே போய், "அண்ணாச்சி, தலைவலிக்கு ஏதாவது குடுங்க," என்று கேட்டுப் பார்த்தேன்.

"எந்தத் தலவலிக்கு?" என்றார், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பொதுவா..."

"பொதுவா எவனுக்குத் தம்பி தலவலிக்கி? வலிக்கவனக் கூட்டிட்டு வாங்க."

இந்த விஷயங்களில் என்னிடம் மிக அதிகமாகப் பேசியவள் சேசம்மாள். கப்பலிலிருந்து மூட்டைகள் இறங்கும்போது சிந்துகிற தானியத்தைக் கூட்டி அள்ளும் பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. காலில் ஆணி குத்திவிட்டது என்று ஊசி போட வந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. குரல், சரக்குத் தூக்கும் வின்ச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அவள் புருஷன் மிக்கேல் சங்கு குளிக்கிறவர். முன்பு முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் அதிலும் இறங்கியவர். கடல் கலங்கி, குளிக்க முடியாத மாதங்களில் துறைமுகத்துக்கு மூட்டை வேலைக்கு வருவார்.

"தண்ணிக்கடியில போயிட்டு வாரவனுக்கு வாரதுதான் கம்பவுண்டரே உண்மையான மண்டையிடி," என்றாள் சேசம்மாள். "காதும் தலையும் சேந்து வலிக்கும். கண்ணு செவந்து போவும். கல்யாணமான புதுசுல நான் பயந்து அழுதுட்டேன். பொறவு தெருவுல ஒவ்வொருத்தியா வந்து ஒவ்வொண்ணு சொன்னாளுவ. எது கேக்குதுன்னு நானாப் பாத்துப் பாத்துப் படிச்சேன்."

எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிவிடவும் மாட்டார்கள். ஒருநாள் எங்கள் பெஞ்சிலேயே அவளுக்கும் உப்பளத்தில் வேலை பார்த்த இன்னொரு பெண்ணுக்கும் சண்டை. உப்பளத்து வெள்ளையைப் பார்த்துப் பார்த்து வரும் தலைவலிக்கு எலுமிச்சம்பழத்தை நெற்றியில் தேய்க்கலாம் என்கிறாள் அந்தப் பெண்.

"ஏளா, கண்ணுக்குள்ள வடிஞ்சா என்ன செய்வ? இருட்டுல கண்ண மூடிப் படுக்கணும், மோரு குடிக்கணும். அவ்ளோதான்," என்கிறாள் சேசம்மாள்.

"ஒனக்குக் கடல் தெரியும். உப்பளத்து வெக்கை தெரியுமா?"

"நீ வேணா தேய்ச்சுக்க. எம் பிள்ளைக்குத் தேய்க்கமாட்டேன்."

உள்ளே டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். வெளியே வந்து, "மோர் நல்லதுதான்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சேசம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

தப்பாகச் செய்தால் அவர்களே கண்டிப்பார்கள். ஒரு இளவட்டம் பொட்டில் வெறும் சுண்ணாம்பை அப்பிக்கொண்டு தோல் வெந்துபோய் வந்தான். டாக்டர் களிம்பு போட்டு அனுப்பச் சொன்னார். வாசலில் நின்ற பெண்கள்தான் விடவில்லை. "சுண்ணாம்பத் தனியா எவம்லே மூஞ்சில தேய்ப்பான்? கேட்டுட்டுச் செய்ய ஒனக்கு ஆளா இல்ல?" என்று அவனை விரட்டி விரட்டி ஏசினார்கள்.

கேட்டுவிட்டுச் செய்வது, செய்துவிட்டுக் கேட்டதா என்று பார்ப்பது. இந்த இரண்டும் அந்தத் தெருக்களில் வழக்கமாக இருந்தன. எங்கள் பாடப் புத்தகத்திலும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள், வேறு வார்த்தைகளில்.

3. கோதுமைக் கப்பல்

ஒரு கோடையில் வெளிநாட்டிலிருந்து கோதுமை ஏற்றிய கப்பல் ஒன்று வந்தது. கோதுமை மூட்டையாக வராது. கப்பலின் அடிவயிற்றில் மணல் மாதிரி கொட்டிக் கிடக்கும். அந்தக் குழிக்கு ஹாட்ச் என்று பெயர். ஒரு கப்பலில் நாலைந்து ஹாட்ச் இருக்கும். ஆட்கள் கேங் கேங்காக இரும்பு ஏணியில் உள்ளே இறங்கி, சாக்கில் அள்ளித் தைத்து, கயிற்று வலையில் அடுக்குவார்கள். வின்ச் அதைத் தூக்கி வெளியே வைக்கும்.

மூன்றாம் ஹாட்சில் வேலை பார்த்த கேங்கில் சேசம்மாளின் தம்பி இன்னாசி இருந்தான். முத்துக்குளிப்பு நடந்தபோது மிக்கேலுக்குக் கயிறு பிடித்தவன் அவன்தான். குளிக்கிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே தோணியில் ஒருவன் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் கயிற்றை வெடுக்கென்று வெட்டி இழுத்தால் உடனே தூக்க வேண்டும். தாமதித்தால் உயிர் போகும். அதனால் பெண்டாட்டியின் கூடப் பிறந்தவனைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று சொல்வது வழக்கம். அக்காள் தாலி அறுக்க எந்தத் தம்பி விடுவான்?

கப்பல் வந்து வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் முற்பகலில் சேசம்மாள் கையில் விளக்குமாற்றோடு டிஸ்பென்சரிக்குள் வந்தாள். வழக்கமாக வாசலிலிருந்தே சத்தம் கொடுத்துக்கொண்டு வருகிறவள், அன்று சத்தமில்லாமல் வந்து நின்றாள்.

"டாக்டரய்யாவப் பாக்கணும்."

"ஒடம்புக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு மண்டையிடி. அது எனக்குப் புரியல."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் நான் உள்ளே கூட்டிப்போனேன். டாக்டர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"முந்தாநேத்து தம்பி வேலவிட்டு வந்தான். மண்டையிடின்னான். தூசியில நீர் கோத்திருக்கும்னு சுக்குப் பத்துப் போட்டேன். கேக்கல. வேது பிடிக்க வச்சேன். அதுக்கும் கேக்கல. வாந்தி எடுத்தான். சரி, பித்தம்னு நெனச்சுக் கஷாயம் வச்சுக் குடுத்தேன். அதையும் வாந்தி எடுத்துட்டான். விடிஞ்சதும் கொஞ்சம் தெளிஞ்சுட்டு. வேலைக்குப் போனான். சாயங்காலம் திரும்பவும் அதே மண்டையிடி, முந்துன நாள விடக் கூட."

"வெயில்ல..." என்று நான் ஆரம்பித்தேன்.

"குழிக்குள்ள வெயில் ஏது கம்பவுண்டரே? நான் அதையும் யோசிச்சேன். பொறவு பக்கத்து வீட்டுல சுக்கு கடன் கேக்கப் போனேன். அங்கன அந்தோணிக்கும் பத்துப் போட்டுக் கெடக்கு. எதுத்த வீட்டுலயும் ஒருத்தன் வேது பிடிக்கான். எல்லாப் பயலும் மூணாம் ஹாட்ச். என் வீட்டுக்காரர் ரெண்டாம் ஹாட்ச், அவருக்கு ஒண்ணும் செய்யல. ஆளுக்கொரு மருந்து போட்டிருக்கோம், ஒண்ணுத்துக்கும் கேக்கல. வீட்டுல படுத்தாக் கொறையுது, குழிக்குள்ள எறங்குனா வருது. இது நம்ம தலவலி இல்லய்யா. இது வெளிய இருந்து வாரது."

டாக்டர் எழுந்துவிட்டார்.

"உள்ள ஏதாவது வாடை அடிக்குதுன்னு சொன்னாங்களா?"

"பூண்டு வாடை மாதிரின்னு தம்பி சொன்னான். கோதுமைக்குள்ள ஏதுல பூண்டுன்னு நான் சிரிச்சுட்டேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சிலிண்டர எடுத்துட்டு வாங்க. சீக்கிரம்," என்று சொல்லிவிட்டுத் தலையில் தொப்பிகூட இல்லாமல் வெளியே நடந்தார். சேசம்மாள் அவர் பின்னாலேயே ஓடினாள்.

பிற்பாடு அவர் எனக்கு விளக்கியது இது. நீண்ட பயணத்தில் தானியத்தில் பூச்சி பிடிக்காமல் இருக்க அதற்குள் ஒருவகை மாத்திரைகளைப் போட்டு மூடிவிடுவார்கள். அதிலிருந்து பூண்டு வாடை அடிக்கும் விஷவாயு கிளம்பிப் பூச்சியைக் கொல்லும். கரைக்கு வந்ததும் ஹாட்சைத் திறந்துபோட்டு வாயு போன பிறகே ஆளை இறக்க வேண்டும். அந்தக் கப்பலிலும் திறந்துபோட்டிருந்தார்கள். மேல் மட்டத்தில் போய்விட்டது. அடியில், காற்றுப் புகாத மூலைகளில் தங்கிவிட்டது. அள்ள அள்ள அது வெளியே வந்திருக்கிறது.

நான் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் போட்டுக் கப்பலடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மேல்தளத்தில் டாக்டரும் ஃபோர்மேன் செல்லையாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். செல்லையா கெட்டவர் இல்லை. கப்பலை வெறுமனே நிறுத்திவைத்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

"தலவலின்னு எவனும் எங்கிட்டச் சொல்லலியே சார். சொல்லாம நான் எப்படி வேலைய நிறுத்த?"

"அவங்க வீட்டுல சொல்லியிருக்காங்க. இந்தம்மா எங்கிட்டச் சொல்லிட்டாங்க. நான் ஒங்ககிட்டச் சொல்றேன். இப்ப எல்லாரையும் மேல ஏத்துங்க."

செல்லையா டாக்டரின் முகத்தைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் விசிலை ஊதி, ஹாட்சுக்குள் எட்டிப் பார்த்துக் கத்தினார். "ஏலே, போட்டத போட்டபடி போட்டுட்டு ஏறுங்கல! எல்லாரும் ஏறுங்க!"

ஒவ்வொருவராக ஏணியில் வந்தார்கள். சிலர் தளத்தில் கால் வைத்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தோணி கப்பல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். சேசம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி ஆள் ஏறியதும், "எந்தம்பி எங்க?" என்றாள்.

அப்போதுதான் எல்லோரும் கீழே பார்த்தோம். ஒரு மூலையில், பாதி தைத்த சாக்கின் மேல் இன்னாசி சாய்ந்து கிடந்தான். அசைவில்லை. அவன் நெற்றியில் போட்டிருந்த பற்று மேலிருந்து வெள்ளையாகத் தெரிந்தது.

இரண்டு பேர் ஏணிக்குப் பாய்ந்தார்கள். டாக்டர் இரண்டு கையையும் விரித்து மறித்தார். "யாரும் எறங்கக்கூடாது! எறங்கினா நீங்களும் விழுந்துருவீங்க. அங்க மூச்சு விடவே கூடாது."

"மூச்சு விடாம இருந்தாப் போதுமா?"

கேட்டது மிக்கேல். இரண்டாம் ஹாட்சிலிருந்து சத்தம் கேட்டு ஓடிவந்திருந்தார். ஒல்லியான மனிதர். பேச்சு மிகக் குறைவு. வீட்டில் பேச்சு முழுவதும் சேசம்மாள் கணக்கில் போய்விடும்.

டாக்டர் அவரைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் அடக்குவீங்க?"

"அவனத் தூக்குத வரைக்கும்."

விவாதிக்க நேரம் இல்லை. செல்லையா மணிலாக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார். மிக்கேல் அதை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கடலில் அவருக்குக் கயிறு பிடித்தவன் கீழே கிடக்கிறான்.

சேசம்மாள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு முன்னால் வந்தாள். "எங்கிட்டத் தாங்க."

"பொம்பள எப்படிம்மா..." என்றார் செல்லையா.

"அது எந்தம்பி. இது எம் புருஷன். வேற எவன் கையில குடுப்பேன்?"

மிக்கேல் கயிற்றை அவள் கையில் வைத்தார். "ஒரே வெட்டு வெட்டுவேன். தூக்கிரு. யோசிக்காத," என்றார். அவள் கயிற்றை முன்கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நாலு பேர் இழுக்கத் தயாராக நின்றார்கள்.

மிக்கேல் நெற்றியில் சிலுவை போட்டார். நாலைந்து முறை ஆழமாக மூச்சு இழுத்து விட்டார். கடைசி மூச்சை உள்ளே நிறுத்தி, வின்ச் கொக்கியில் ஒரு காலை வைத்துக் கையைக் காட்டினார். கொக்கி சர்ரென்று இறங்கியது.

கோதுமையில் கால் முழங்கால்வரை புதையும். மூச்சை அடக்கிக்கொண்டு அதில் நடப்பது அவருக்குப் புதுசு. தட்டுத்தடுமாறி இன்னாசியிடம் போய்ச் சேரவே நேரமாகிவிட்டது. அவனைப் புரட்டினார். தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மேலே சேசம்மாளின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கண் கீழே பார்க்கவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இழு!" என்றாள் திடீரென்று.

நான் பார்த்தவரை கயிறு அசைந்த மாதிரியே தெரியவில்லை. அவள் கைக்குத் தெரிந்திருக்கிறது. இழுத்தார்கள். மிக்கேல் மட்டும் மேலே வந்தார். முகம் கறுத்திருந்தது. தளத்தில் குப்புற விழுந்து மூச்சு வாங்கினார். இன்னாசி வரவில்லை.

சேசம்மாள் புருஷன் முதுகை ஒரு கையால் தடவிக்கொண்டு, இன்னொரு கையிலிருந்த கயிற்றை விடாமல் நின்றாள். டாக்டர் ஆக்ஸிஜன் குழாயை நீட்டினார். மிக்கேல் தலையசைத்து மறுத்து, "இன்னொரு கயிறு," என்றார்.

இதற்குள் செல்லையா இன்னொரு வேலையை முடித்திருந்தார். கப்பலில் பழைய காற்றுப் பாய் ஒன்று இருந்தது. கித்தானில் குழாய் மாதிரி தைத்தது. அதன் வாயைக் கடற்காற்றுக்கு நேராகக் கட்டி, வாலை ஹாட்சுக்குள் இறக்கினார்கள். காற்று உள்ளே விழ ஆரம்பித்தது.

இரண்டாவது தடவை மிக்கேல் இறங்கியபோது எந்த இடத்தில் கால் வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நேராகப் போனார். இரண்டாவது கயிற்றை இன்னாசியின் அக்குளுக்குக் கீழே சுற்றி ஒரு முடிச்சு. கயிறு வெட்டியது. இந்த முறை நானும் பார்த்தேன். அதற்கு முன்பே சேசம்மாள் கத்திவிட்டாள். இரண்டு கயிறும் ஒன்றாக மேலே வந்தன.

இன்னாசிக்கு மூச்சு இருந்தது. மெல்லியதாக, விட்டுவிட்டு. நான் முகமூடியை வைத்து சிலிண்டரைத் திறந்தேன். டாக்டர் நாடியைப் பிடித்தபடி, "நல்லா வைங்க, நல்லா வைங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

4. வார்டு வாசல்

இன்னாசியையும் அந்தோணியையும் இன்னும் சிலரையும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மற்றவர்கள் சீக்கிரம் தேறினார்கள். இன்னாசிக்கு நெஞ்சில் நீர் சேர்ந்து மோசமானது. பிழைப்பானா என்று டாக்டரிடம் கேட்டபோது, "பாப்போம்," என்றார். அவர் அப்படிச் சொன்னால் அவருக்கே தெரியவில்லை என்று அர்த்தம்.

சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். அவரவர் கையில் ஒரு மருந்து. ஒருவர் தைலம், ஒருவர் ஓமப் பொட்டலம், ஒருவர் வேளாங்கண்ணி எண்ணெய், ஒரு அத்தை நொச்சித் தழை ஒரு கட்டு. அன்பில்தான் கொண்டுவந்தார்கள். நான் பயந்தேன். நெஞ்சு அடைத்துக் கிடக்கிறவன் தலையில் போர்வையைப் போட்டு வேது பிடிக்க வைத்தால் என்ன ஆகும்? நர்சுகள் சொன்னால் இவர்கள் கேட்பார்களா?

வார்டு வாசலில் சேசம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவரையும் அவளே நிறுத்தினாள்.

"அத்தே, தழைய வீட்டுக்குக் கொண்டு போங்க."

"ஏளா, ஒன் தம்பிதான? நீயே வேண்டாங்க?"

"எந்தம்பிங்கதாலதான் சொல்லுதேன். நாந்தான் இவனுக்கு மொதல்ல சுக்கு போட்டேன், கஷாயம் குடுத்தேன். நம்ம மருந்து நம்ம நோவுக்குத்தான். இது விஷக் காத்து. டாக்டருமாரு பாக்கட்டும். எண்ணெய மட்டும் குடுங்க, தலமாட்டுல வச்சு செபம் சொல்லுதேன்."

நானும் டாக்டர் தாமோதரனும் அப்போதுதான் படியேறி வந்திருந்தோம். இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். இன்னாசியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது டாக்டர் சொன்னார், "மருந்து போடத் தெரிஞ்சவங்க நெறைய பேர் இருக்காங்க சண்முகம். எம் மருந்து கேக்கலன்னு இவ்வளவு சீக்கிரம் சொல்ற ஆள நான் டாக்டருங்கள்லகூட அதிகம் பாத்ததில்ல."

அந்தப் பெண் மூன்று மருந்து மாற்றிப் பார்த்து, கேட்கவில்லை என்றதும் பிடிவாதம் பிடிக்காமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியதால்தான் அந்தக் கேங் உயிரோடு ஏணியேறியது. சுக்கின் குணம் தெரியாதவளாக இருந்திருந்தால், சுக்குக்குக் கேட்காத வலி எது என்று அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இன்னாசி பிழைத்தான். எழுந்து நடக்க வெகுநாளாயிற்று. தலைவலியும் மயக்கமும் அவனை எளிதில் விடவில்லை. டாக்டர் வாரம் தவறாமல் அவன் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். செல்லையா அதற்குப் பிறகு எந்த ஹாட்சைத் திறந்தாலும் ஆளை இறக்கும் முன் தானே காற்றுப் பாயைக் கட்டவைத்தார். "வாடை ஏதும் உண்டால?" என்று குனிந்து குனிந்து கேட்பார். இளவட்டங்கள் அவருக்கு "வாடை மேஸ்திரி" என்று பட்டப்பேர் வைத்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

5. என்ன போட்டீங்க? கேட்டுச்சா?

எங்கள் டிஸ்பென்சரியிலும் ஒன்று மாறியது. தலைவலி என்று யார் வந்தாலும் டாக்டரின் முதல் கேள்வி இதுவானது: "வீட்டுல என்ன போட்டீங்க? கேட்டுச்சா?" இரண்டாவது கேள்வி: "கூட வேலை பாக்கிற வேற யாருக்கும் இருக்கா?" அவர் இல்லாத நேரத்தில் நானும் அதையே கேட்டேன்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் வெட்கப்பட்டதில்லை. மற்ற இடங்களில் நாட்டு மருந்து போட்டதை டாக்டரிடம் மறைப்பார்கள், திட்டு விழும் என்று. இங்கே மறைக்கத் தேவை இருக்கவில்லை. அதனால் என்ன உள்ளே போயிருக்கிறது, எது பலிக்கவில்லை, எத்தனை நாளாக என்ற விவரமெல்லாம் எங்களுக்குத் தானாக வந்து சேர்ந்தது. தலைவலி தீரக் கண்ணாடி போட வேண்டியவர்களை, ரத்தக் கொதிப்பு இருந்தவர்களை அப்படித்தான் கண்டுபிடித்தோம். பின்னால் நான் வேறு ஊர்களுக்கு மாற்றலாகிப் போனபோதும் இந்தக் கேள்வியை விடவில்லை. இப்போது மருந்துக்கடைகளில் வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். தலைவலி என்று ஒருவர் வந்து நின்றால் கையை மாத்திரைக்கு நீட்டும் முன்பு வாயைத் திறந்து கேளுங்கள். பதிலில் பாதி வைத்தியம் இருக்கும்.

இன்னாசி மறுபடி வேலைக்கு வரத் தொடங்கிய பிறகு ஒருநாள். மழை பிடித்திருந்தது. டிஸ்பென்சரிக் கதவைத் தள்ளிக்கொண்டு சேசம்மாள் நனைந்துபோய் ஓடிவந்தாள். நான் எழுந்து சிலிண்டர் இருந்த பக்கம் நகர்ந்தேன்.

"டாக்டரய்யா! தம்பிக்கு நேத்து மழையில நனைஞ்சு தலவலி வந்துட்டு!"

டாக்டர் எழுந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டார். "வாந்தி எடுத்தானா? என்ன போட்ட?"

"சுக்குதான். எழச்சுப் போட்டேன்."

"அப்புறம்?"

"கேட்டுட்டுய்யா!" என்றாள். சிரிப்பும் அழுகையுமாக முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பத்து காயுமுன்ன நல்லாத் தூங்கிட்டான். சாதாத் தலவலி. நம்ம தலவலி. அதச் சொல்லத்தான் வந்தேன்."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் பார்த்தேன்.